மலங்கா, விலங்கா?

விலாங்கு என்பது விலங்கு என்பதன் நீட்டமாம். பாதி மீன், பாதி விலங்கு, ஆகவே விலாங்கு. அண்மையில் ஒரு மலரில் ஒருவர் இப்படி எழுதி, ‘பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும்’ என்ற பழமொழியைச் சாட்சிக்கும் நிறுத்தியிருந்தார். விலங்குதல் என்றால் குறுக்காதல். நிமிர்ந்து நடவாமல் உடம்பைக் குறுக்கே கிடத்தி நடப்பதால் ஆடும் மாடும் விலங்காயின. அந்தக் கணக்குப்படி அயிரையும் கெண்டையும்கூட விலங்குதான். கடற்குதிரைபோல் சிலவற்றைத் தவிர நிமிர்ந்து நீந்தும் மீன் எது? ‘விலா’விலிருந்து தொடங்குவோரும் உண்டு. விலா இந்த மீனுக்கு மட்டுந்தானா என்று கேட்டால் போதும், பேச்சு நின்றுவிடும்.

பழைய பெயர் மலங்கு. புறநானூறு 61இல் உழத்தியர் நெய்தலும் ஆம்பலும் களையும் வயலில் புரள்வது அதுதான். மலங்குதல் என்றால் கலங்குதல், நிலைகொள்ளாது அசைதல். ‘மலங்க மலங்க விழிக்கிறான்’ என்று இன்றும் சொல்கிறோமே, அதே சொல். அலங்கு, கலங்கு, மலங்கு மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பேன். சேற்றையும் கலக்கித் தானும் புரளும் மீனுக்கு உழவன் வேறென்ன பெயர் வைப்பான்? ரோமர் உருவத்தைப் பார்த்து, பாம்பைக் குறிக்கும் ‘அங்குயிஸ்’ என்ற சொல்லிலிருந்து ‘அங்குயில்லா’ என்றார்கள். நம்மவர் பார்த்தது அசைவை.

மலங்கு எப்படி விலாங்காகும்? மிஞ்சு விஞ்சாகிறது, விழுங்குவதை ஊரில் முழுங்குகிறோம். மகரமும் வகரமும் இடம் மாறும்போது உயிரும் கூடவே மாறுவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நெடிலைக் கண்டு மிரள்கிறவர்கள் தெலுங்கைப் பார்க்கட்டும். நம் உரல் அங்கே ரோலு. முன்னுயிர் இடம் மாறிப் பின்னுயிரோடு சேர்ந்து நெடிலாகிவிட்டது. மலையாளத்தில் இதே மீனை மலஞ்ஞில் என்கிறவர்களும் உண்டு, வ்லாஞ்ஞில் என்கிறவர்களும் உண்டு. மகரமும் வகரமும், குறிலும் நெடிலும் ஒரே சட்டியில் கிடக்கின்றன.

உரையாளர் சிலர் மலங்கையும் ஆரலையும் ஒன்றாக்குகிறார்கள். மீனைக் கையால் தொட்டவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். விலாங்குக்கு முதுகுத் துடுப்பும் வாலும் அடித்துடுப்பும் ஒரே விளிம்பாகச் சேர்ந்து ஓடும். செதில் தோலுக்குள் புதைந்திருப்பதால் விரலுக்குத் தட்டுப்படாது, வழவழப்புதான் தெரியும். நம் ஆறுகளில் பழுப்புத் திட்டுகளோடு பெரிதாக வளர்வது ஒரு வகை. அதன் முதுகுத் துடுப்பு குதத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிடும். மேலே கருத்து, அடியில் வெளுத்து, திட்டே இல்லாதது இன்னொன்று. 1844இல் மக்கிளெலண்ட் அதற்கு இருநிறம் என்ற பொருளில் ‘பைகலர்’ என்று பெயரிட்டார். அதன் துடுப்பு ஏறத்தாழக் குதத்துக்கு நேர் மேலேதான் தொடங்கும். முட்டையிட இரண்டும் கடலுக்குப் போயாக வேண்டும்.

ஆரல் கடலை நாடுவதில்லை. மூக்கு நுனி சிறு தும்பிக்கைபோல் நீண்டிருக்கும். முதுகுத் துடுப்புக்கு முன்னால் முட்கள் தனித்தனியே வரிசையாக நிற்கும். சக்கரத்தின் ஆரக்காலில் உள்ள ‘ஆர்’தான் ஆரலிலும் இருக்கிறது என்பேன். (வானத்துக் கார்த்திகைக்கும் ஆரல் என்று பெயருண்டு; அங்கேயும் முள்முள்ளாகத்தானே ஒளி.) குறுந்தொகை 25இல் குருகு காத்து நிற்பது ஆரலுக்கு. அதைப் பாடிய கபிலருக்கு மீன் தெரியும். தினைத்தாள்போல் காலுள்ள பறவையின் தொண்டையில் வளர்ந்த மலங்கு இறங்குமா?

மலங்குக்கும் விலாங்குக்கும் இடையில் ‘மலாங்கு’ என்று எழுதிய ஓர் ஏட்டைக் காட்டு என்பார்கள். சேற்றில் மீன் பிடித்தவன் ஏடு எழுதவில்லை. பிடித்த பிடியில் அது புரண்டு நழுவியதும் அவன் வாயில் வந்தது மலங்குதான். எனக்கு அதில் ஐயமில்லை.