பரவலாக்கப்பட்ட விபிஎன் வலையமைப்பில் கணு வகைகளின் வரலாறு

வழக்கமான விபிஎன் சேவையில் பயனரின் தரவு ஒரே நிறுவனத்தின் வழங்கி வழியாகச் செல்கிறது. பரவலாக்கப்பட்ட வலையமைப்பில் இவ்வேலையைப் பலருடைய கணினிகள் பகிர்ந்துகொள்கின்றன. இக்கணினிகளே கணுக்கள் எனப்படுகின்றன. எல்லாக் கணுக்களுக்கும் பொறுப்பு ஒன்றல்ல.

இவ்வகைப் பிரிப்பின் வேர், 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் தொடங்கிய வெங்காய வழிப்படுத்தல் ஆய்வில் உள்ளது. அதிலிருந்து உருவான டோர் 2002இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இதில் தரவு பொதுவாக மூன்று கணுக்களைக் கடக்கும். நுழைவுக் கணுவுக்குப் பயனரின் ஐபி முகவரி தெரியும். அவர் செல்லும் தளம் தெரியாது. இடைக்கணுவுக்கு இரண்டுமே தெரியாது. வெளியேறு கணுவுக்குத் தளம் தெரியும், பயனரைத் தெரியாது. டோர் தடைசெய்யப்பட்ட நாடுகளுக்காகப் பொதுப்பட்டியலில் சேராத பாலக் கணுக்களும் உண்டு.

சிக்கல் வெளியேறு கணுவில்தான். சென்றடையும் தளத்தின் பதிவேட்டில் விழுவது அக்கணுவின் முகவரி. யாரோ செய்த குற்றத்துக்குக் காவல்துறை முதலில் தட்டுவது கணுவை நடத்துபவரின் கதவை. 2017 ஏப்ரலில் மாஸ்கோவில் வெளியேறு கணு நடத்திய கணித ஆசிரியர் ஒருவர் கைதானார். மறு ஆண்டுதான் வழக்குக் கைவிடப்பட்டது.

கணிமைத் துறையில் 1999இல் தொடங்கிய செட்டி@ஹோம், தன்னார்வலர் கணினிகளின் ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தியது. 2018இல் முதன்மை வலையமைப்புக்கு வந்த கோலெம், கணிமையைக் கோரும் கணு, வழங்கும் கணு எனப் பிரித்து இடையில் பணத்தையும் கொண்டுவந்தது. மிஸ்டீரியம், ஆர்க்கிட், செண்டினல் ஆகியவை விபிஎன் சேவைக்கும் அவ்வாறே கிரிப்டோ நாணயத்தில் கட்டணம் தருகின்றன. செண்டினலில் சரிபார்ப்புக் கணுக்கள் தொடரேட்டை மட்டும் காக்கின்றன. பயனரின் தரவு அவற்றின் வழியே செல்வதில்லை.

இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, விபிஎன் வழங்குநர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி முதலியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நோர்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியன இந்தியாவிலிருந்த தம் வழங்கிகளை அகற்றின. செப்டம்பர் 25 முதல் ஆணை இவ்வழங்குநர்களுக்கு நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் தம் ஊழியருக்காக நடத்தும் விபிஎன்னுக்கு விலக்கு உண்டு. ஆனால் பொதுப் பயனருக்குச் சேவை தரும் எவரையும் வழங்குநர் எனச் சொல்லும் விளக்கத்தில், வீட்டுக் கணினியை வெளியேறு கணுவாக்கிச் சில்லறை வருமானம் பார்க்கும் மாணவர் தப்பிவிடுவார் என்று நம்ப இடமில்லை. அவரிடம் பயனரின் பெயரும் இருக்காது, 5 ஆண்டுப் பதிவேடும் இருக்காது. வருமானம் பேசும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

டோர் திட்டம் இதில் நேர்மையானது. வெளியேறு கணுவை வீட்டு இணைப்பில் நடத்த வேண்டாம் என்று அதுவே அறிவுறுத்துகிறது. இடைக்கணுவோ பாலக் கணுவோ வீட்டுக்குப் போதும்.