திண்ணையும் தம்புராவும்: அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் தொடக்க இசைப் பயிற்சி

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூரும், பின்னர் 2007இல் அதிலிருந்து நிலையாக அரியலூரும் தனி மாவட்டங்களாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்துச் சிறுவன் இராகத்தின் பெயரை அறியுமுன்னரே, திண்ணைப் பள்ளியில் ஓசைக்குப் பழகிவிட்டான். எண்சுவடியும் நிகண்டும், அதாவது வாய்பாடும் சொற்பொருள் கூறும் செய்யுள் அகராதியும், அங்கே சந்தத்தோடு ஒப்பிக்கப்பட்டன. உபாத்தியாயர் அல்லது மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் பின்தொடர்ந்தனர். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இம்முறையைத்தான் சென்னை எழும்பூரில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் 1797இல் நூலாக எழுதி, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரப்பினார். அது இசை வகுப்பன்று; ஆயினும் கேட்டதைப் பிசகாமல் திருப்பிச் சொல்லும் பழக்கத்தைவிடச் சிறந்த இசை அடிப்படை வேறொன்று இருந்ததாகத் தோன்றவில்லை.

முறையான பயிற்சி சரளி வரிசையில் தொடங்கும். ஏழு சுரங்களை ஏற்ற இறக்கமாகப் பாடும் இவ்வரிசைகளையும், ஒவ்வொரு சுரத்தையும் இரட்டித்துப் பாடும் ஜண்டை வரிசையையும், சுரங்களைத் தாண்டிச் செல்லும் தாட்டு வரிசையையும், ஏழு தாளங்களில் அமைந்த அலங்காரங்களையும் வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. இவற்றுக்கு மாயாமாளவகௌளை இராகம் அமைந்ததில் நுட்பம் உண்டு: ‘ச ரி க ம’ என்பதன் இடைவெளிகளே ‘ப த நி ச’ என்பதிலும் திரும்ப வருவதால், பாதி கற்ற குழந்தைக்கு மறுபாதி பாதி வேலையாகிவிடுகிறது. ஒரே வரிசையை மூன்று காலங்களில், அதாவது ஒன்றுக்கு இரண்டு, நான்கு என வேகத்தைப் பெருக்கிப் பாடுவதால் கணக்கும் கூடவே படிகிறது.

இதற்கு மேலான கல்வி குருகுலவாசத்தில் கிடைத்தது. பொப்பிலி கேசவையாவிடமிருந்து கன மார்க்கத்தை, உடல்வலிமையும் மூச்சடக்கமும் வேண்டும் கம்பீரமான பாடுமுறையைக் கற்ற கனம் கிருஷ்ணையர், உடையார்பாளையம் ஜமீனில் வித்துவானாக விளங்கியபோது, அவருடைய உறவினரான வேங்கடசுப்பையர் உடனிருந்து பணிவிடை செய்து பயின்றார். அங்கே பாடவேளை என்று தனியாக ஒன்றில்லை. ஆசிரியர் பாடும் நேரமெல்லாம் பாடமே. திண்ணையில் சொன்னதைச் சொன்ன பிள்ளை, இங்கே சொல்லாததையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வேங்கடசுப்பையரின் மகனே உ. வே. சாமிநாதையர் (1855–1942). தந்தை அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகளைப் பாடி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்ய, மகன் அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னம், செங்கணம் முதலிய ஊர்களில் வேறு ஆசிரியர்களிடமும் தமிழ் கற்றதை ‘என் சரித்திரம்’ விரிவாகச் சொல்கிறது. தமிழும் சங்கீதமும் ஒரே வீட்டில் வளர்ந்த காலம் அது. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த பிறகும், தந்தையின் விருப்பப்படி கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதையர் இசை பயின்றார். இசையில் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் கருத்துப் பதியாது என்று பிள்ளை எண்ணியதை அறிந்ததும், அப்பாடத்தை நிறுத்திக்கொண்டார்.