லிஸ்டர், ஜோசப் (1827 - 1912)

சஸ்திர சிகிச்சையில் கிருமிநாச முறையை ஸ்தாபித்த ஆங்கிலேய வைத்தியரான ஜோசப் லிஸ்டர், லண்டனுக்குக் கிழக்கே எஸ்ஸெக்ஸ் சீமையிலிருந்த அப்டன் என்னும் ஊரில், 1827 ஏப்ரல் 5ஆம் நாள், குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்த குடும்பமொன்றில் பிறந்தார். திராட்சை மது வியாபாரியான அவருடைய தந்தை ஜோசப் ஜாக்ஸன் லிஸ்டர், ஓய்வுப் பொழுதையெல்லாம் கண்ணாடி வில்லைகளின் ஆராய்ச்சியில் செலவிட்டு, மைக்ராஸ்கோப்பில் உருவத்தை மங்கச் செய்த நிறப்பிழையை நீக்க வழி கண்டு, அதன் பயனாக 1832இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானவர். கண்ணுக்குப் புலனாகாத உயிர்களே புண்ணைப் புரையோடச் செய்கின்றன என்று பிற்காலத்தில் உலகுக்கு எடுத்துரைத்த மகன், நுண்பொருளைப் பார்க்கப் பழகியது இந்தத் தந்தையிடமே.

ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் குவேக்கர்களுக்குப் பட்டம் அளிக்காத காலமாதலால், அவர் லண்டன் யூனிவர்ஸிடி கல்லூரியில் பயின்றார். 1846இல் தமையன் ஜான் இறந்த துக்கமும், அதையொட்டித் தம்மைத் தாக்கிய பெரியம்மையும் சேர்ந்து மனத்தை நிலைகுலைக்க, படிப்பை நிறுத்திச் சிலகாலம் ஒதுங்கியிருந்தார். தந்தையின் கடிதங்கள் அப்போது அவருக்கு ஆதாரமாயிருந்தன. 1852இல் பட்டம் பெற்று, மறுவருஷம் எடின்பரோ சென்று, புகழ்பெற்ற சஸ்திர வைத்தியர் ஜேம்ஸ் ஸைமிடம் சேர்ந்தார். ஸைமின் மூத்த குமாரத்தி ஆக்னஸ் வேறு திருச்சபையைச் சேர்ந்தவராதலின், அவரை மணக்கும்பொருட்டுக் குவேக்கர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. தந்தை அதற்குத் தடை சொல்லவில்லை. 1856 ஏப்ரலில் விவாகம் நடந்தது. மணமக்கள் சென்ற ஐரோப்பிய யாத்திரையில் வைத்தியசாலைகளையும் பார்வையிட்டு வந்தார்கள் என்பதிலிருந்தே அந்த இல்லறத்தின் போக்கை அறியலாம்.

இத்தம்பதிகளுக்குச் சந்ததி இல்லை. வீட்டிலேயே தவளைக் கால்களின் இரத்த நாளங்களை மைக்ராஸ்கோப்பில் வைத்து லிஸ்டர் ஆராய்ந்தபோதும், இரத்தம் உறைவதைப் பரீட்சித்தபோதும், அருகிலிருந்து உதவியவர் ஆக்னஸ். கணவர் சொல்லச் சொல்ல மணிக்கணக்காக எழுதியவரும் அவரே. லிஸ்டரின் ஆராய்ச்சிக் குறிப்பேடுகளில் பெரும்பகுதி அவர் கையெழுத்தில் உள்ளது. கிருமிநாச முறையின் சரித்திரத்தில் அவ்வம்மையாருக்கு உரிய ஸ்தானம் இன்னும் போதுமான அளவு அளிக்கப்படவில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

1860இல் லிஸ்டர் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் பேராசிரியரானார். அக்காலத்து ஆஸ்பத்திரிகளில், கத்திக்குத் தப்பியவர்களும் புண் அழுகி மாண்டனர். கெட்ட காற்றே அதற்குக் காரணமென்று வைத்தியர்கள் நம்பி வந்தனர். பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் நொதித்தலைப்பற்றிச் செய்த ஆராய்ச்சிகளை ரசாயனப் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்ஸன் வாயிலாக அறிந்த லிஸ்டர், அழுகலுக்கு மூலம் காற்றன்று, அதில் மிதக்கும் உயிர்களே எனத் துணிந்து, கார்லைல் நகரத்துச் சாக்கடையின் நாற்றத்தைப் போக்கப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தைப் புண்களில் பிரயோகித்தார். 1865 ஆகஸ்டில், வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து வெளிப்பட்ட காலுடன் கொண்டுவரப்பட்ட ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் பதினொரு வயதுச் சிறுவன், காலும் உயிரும் தப்பி, ஆறு வாரத்தில் குணமடைந்தான். முடிவுகளை 1867இல் 'லான்ஸெட்' பத்திரிகை பிரசுரித்தது.

அவ்வருஷத்திலேயே அவருக்குக் கடினமானதொரு சோதனை நேர்ந்தது. சகோதரி இஸபெல்லா மார்பில் புற்றுநோயுடன் தம்பியை நாடி வந்தார். மார்பை முற்றும் அகற்றும் சிகிச்சையில் புண் அழுகி இறப்பது சாதாரணமாயிருந்த காலம் அது. லிஸ்டர் எடின்பரோ சென்று மாமனாரைக் கலந்து ஆலோசித்துத் திரும்பி, தம் வீட்டுப் போஜன மேஜையின்மீதே உடன்பிறந்தாளைக் கிடத்தி, தம் கையாலேயே சிகிச்சை செய்தார். புண் சீழ்ப்பிடிக்காமல் ஆறியது. நோய் வேறிடத்தில் மீண்டும் தோன்றும்வரை, மூன்றாண்டு அவர் ஜீவித்திருந்தார். தம் முறையில் லிஸ்டர் வைத்திருந்த நம்பிக்கைக்கு இதனினும் பெரிய சாட்சியம் வேண்டுவதில்லை.

கிளாஸ்கோவில் அவருடைய பொறுப்பிலிருந்தவர்களுள், புதிய முறைக்கு முன் அங்கச்சேதம் செய்யப்பட்ட 35 பேரில் 16 பேரும், அதன்பின் 40 பேரில் 6 பேரும் இறந்தனர். எனினும் ஜெர்மானியர் விரைந்து ஏற்றதை லண்டன் வைத்தியர்கள் நெடுங்காலம் ஏற்கவில்லை. 1869இல் எடின்பரோவுக்கும், 1877இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கும் அவர் சென்றார். காற்றிலே கார்பாலிக் நீரைத் தூவும் முறை அவசியமன்று என்று பின்னர்த் தெளிந்தபோது, தாமே அதைக் கைவிட்டுப் பகிரங்கமாகவும் சொன்னார். 1897இல் பிரபுப் பட்டம் கிடைத்தது.

அப்பட்டத்தைக் காண ஆக்னஸ் இல்லை. 1893 வசந்தத்தில் இத்தாலியின் ராபல்லோவில் தங்கியிருக்கையில், நிமோனியா ஜுரத்தால் சில தினங்களில் அவர் காலமாகிவிட்டார். அதன்பின் லிஸ்டரின் ஆராய்ச்சியும் ஏறத்தாழ நின்றுபோயிற்று. மைத்துனி லூஸி ஸைம் இல்லத்தைக் கவனித்து வந்தார். 1912 பிப்ரவரி 10ஆம் நாள் வால்மரில் லிஸ்டர் மறைந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பிரார்த்தனை நடைபெற்றது. ஆனால் உடல், அவர் விரும்பியவாறே, மேற்கு ஹாம்ப்ஸ்டெட் மயானத்தில் மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய சரித்திரத்தை 1917இல் வெளியிட்ட ரிக்மன் காட்லீயும் ஒரு சஸ்திர வைத்தியரே. லிஸ்டரின் சகோதரி மகன்.