எரிமலை அடுப்பில் விருந்து

உணவகம் கட்ட எரிமலையைத் தேடிப் போவார்களா? ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் போனார்கள். அங்கே 1730 முதல் 1736 வரை எரிமலை குமுறியது. ஊர்களும் விளைநிலங்களும் தீக்குழம்பில் புதைந்தன. பலர் தீவை விட்டே வெளியேறினர்.

அந்தத் திமன்பாயா மலைப்பகுதியில் 1970-இல் 'எல் டியாப்லோ' உணவகம் எழுந்தது. 'சாத்தான்' என்று பொருள். வடிவமைத்தவர் அத்தீவில் பிறந்த ஓவியர் செசார் மன்ரீக்கே. நிலத்தடிச் சூட்டினால் ஆழமாகத் தோண்ட முடியவில்லை. எரிமலைக் கற்களை அடுக்கி அதன்மேல் கட்டினார்கள். வட்டக் கூடம், சுற்றிலும் கண்ணாடி. உண்பவர் கண்முன்னே கருகிய மலைகள். இறைச்சி வாட்டுவது நிலத்தின் வெப்பத்தில். விறகும் இல்லை, எரிவாயுவும் இல்லை.

சுற்றுப்பயணிகளுக்காக நிலத்தையே மாற்றுவோர் உண்டு. நிலத்துக்கு அடங்கியும் கட்டலாம் என்று அவர் காட்டினார். அன்று ஊரை விழுங்கிய மண், இன்று தீவுக்குச் சோறு போடுகிறது.