காருகுறிச்சியின் டேப்பும் 50 ஹெர்ட்ஸும்

சாத்தூர் தாண்டினால் கோவில்பட்டி. நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாழ்ந்த ஊர். இசைத்தட்டின் சில நிமிடங்களுக்குள் அடங்காத அவரோட ஆலாபனையைக் கேட்கணும்னா கச்சேரிப் பதிவுகள்தான் கதி.

ஸ்பூலிலிருந்து கேசட், அப்புறம் எம்பி3. ஒவ்வொரு டேப் நகலிலும் இரைச்சல் ஏறும். வேகம் 6 சதவீதம் கூடினாலே சுருதி சுமார் அரைக் கட்டை ஏறிடும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவில் கேட்கும் கரண்ட் உறுமலை வச்சுத்தான். நம்ம ஊர் மின்சாரம் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ். அலைவரிசைப் படத்தில் அந்தக் கோடு 53-ல் நின்றால், டேப் வேகமா ஓடியிருக்கு. 50-லும் இன்னொரு கோடு தெரிந்தால், அது பிற்பாடு நகலெடுக்கும்போது சேர்ந்ததா இருக்கலாம்.

'சுத்தம்' செய்த பிரதிகளில் முதலில் அழிவது இந்தச் சாட்சிதான். இரைச்சலோடு இருக்கிற பழைய பிரதியைத் தூக்கிப் போட்டுடாதீங்க.