கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு ஜங்ஷன்

நீங்கள் மணியாச்சி ஸ்டேஷனில் இறங்கியதுண்டா? பெரும்பாலும் இருக்காது. திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ போகிற ரயிலில், பாதித் தூக்கத்தில் ஜன்னல் வழியாக மஞ்சள் போர்டைப் பார்த்திருப்பீர்கள். 'வாஞ்சி மணியாச்சி' என்று படித்துவிட்டு மறுபடி கண்ணை மூடியிருப்பீர்கள்.

நானும் அப்படித்தான். போன மாசிவரை!

என் அண்ணன் மகன் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான். ஒருநாள் போன் செய்தான். "சித்தப்பா, ஒரு அசைன்மென்ட். எதிரும் புதிருமா பத்து ஜோடி படம் எடுக்கணும். பழசு-புதுசு, கூட்டம்-தனிமை, ஏழை-பணக்காரன்... இந்த மாதிரி. எங்க போனா நல்லா கிடைக்கும்?"

எல்லோரும் போகிற இடத்துக்கு அவன் போக விரும்பவில்லை. மாடமாளிகையும் பக்கத்திலேயே குடிசையும் பார்த்துப் பார்த்துச் சலித்த படம். நான் யோசிக்காமல் சொன்னேன்: "மணியாச்சி வா."

வந்தான். இறங்கியதும் நாலு பக்கமும் பார்த்தான். வெயில். உடைமரம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரிசல். "என்ன சித்தப்பா, இங்க எடுக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றான்.

முதல் ஜோடி அவன் காலடியிலேயே இருந்தது. கறுப்பு மண்... அதில் வெடித்து நிற்கிற வெள்ளைப் பருத்தி! உலகத்தில் இதைவிடச் சுலபமான கறுப்பு வெள்ளைப் படம் கிடையாது. இரண்டாவது ஜோடியும் அதே மண்தான். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற அளவுக்கு ஒட்டும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துப் பிளந்து கிடக்கும். ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்குகிற களிமண் அது. ஐப்பசியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை அதே இடத்தில் நின்று கிளிக் செய்தால் போதும். இரண்டும் ஒரே நிலம் என்று வெளியூர்க்காரர் நம்பமாட்டார்.

மூன்றாவது ஜோடி, மழையும் நெருப்பும். வானம் பொய்த்தால் விவசாயி அழுவான். ஆனால் அந்தக் காய்ந்த வானத்தை நம்பித்தான் கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலே வளர்ந்தது. குச்சியும் மருந்தும் காய வேண்டாமா? வயலுக்குச் சாபமானது பட்டறைக்கு வரம்.

பையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எனக்கும்தான்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு எதிர்ப் பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரசிப்பது நமக்குப் புதிதே இல்லை. செய்யுளில் மோனை, எதுகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே வரிசையில் அடுத்து வருவது முரண் தொடை. எதிரெதிர்ச் சொற்களை வைத்துத் தொடுப்பது. கேமராவும் இதே வேலையைத்தான் செய்தது. சொல்லப்போனால், புகைப்படம் பிறந்ததே ஒரு முரணிலிருந்துதான்.

1835-ம் வருஷம். இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்பவர் தன் வீட்டு ஜன்னலைப் படமெடுத்தார். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய காகிதம், அவ்வளவுதான். அதில் வெளிச்சமெல்லாம் இருட்டாக, இருட்டெல்லாம் வெளிச்சமாக விழுந்தது. அந்தத் தலைகீழ்ப் படத்தை இன்னொரு காகிதத்தில் வைத்து மறுபடி வெளிச்சம் காட்டினால், எல்லாம் நேராகிவிடும். இந்தத் தலைகீழுக்கு 'நெகடிவ்', நேருக்கு 'பாசிடிவ்' என்று 1840-ல் பெயர் வைத்தவர் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். எதிர்மறை இல்லாமல் நேர்மறை இல்லை என்பதை நமக்குப் படம் பிடித்தே காட்டிவிட்டார்கள்!

சரி, ஸ்டேஷனுக்கு வருவோம்.

மணியாச்சிக்கு ரயில் வந்தது 1876-ல். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற பாதை. இங்கிருந்துதான் திருநெல்வேலிக்குக் கிளை பிரிந்தது. தூத்துக்குடிதான் அப்போது கொழும்புக்கு வாசல். துறைமுகத்தை வைத்துத்தான் தண்டவாளம் போட்டார்கள்.

ரயில் வந்த அதே வருஷம் இன்னொன்றும் வந்தது. தாது வருஷப் பஞ்சம்! 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தையே சூறையாடிய பஞ்சம். இந்தியா முழுக்க ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்பது கணக்கு. ஊர் ஊராகக் காலி செய்துகொண்டு, இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள் நம் ஆட்கள்.

அந்தப் பஞ்சத்துக்குப் புகைப்படங்கள் இருக்கின்றன. சென்னை ராணுவத்தில் அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்தவை. எலும்பும் தோலுமான குடும்பங்களை, கல்யாண குரூப் போட்டோ மாதிரி வரிசையாக உட்காரவைத்து எடுத்திருப்பார். அந்தக் கண்கள் கேமராவைப் பார்க்கின்றன. பார்த்தால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

இதற்கு ஜோடிப் படம் எங்கே தெரியுமா? டெல்லியில்! 1877 ஜனவரி 1-ம் தேதி. விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க, வைஸ்ராய் லிட்டன் பிரபு நடத்திய தர்பார். மகாராஜாக்கள், யானைகள், பட்டாடைகள், விருந்து. அதே மாதம் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்கிற கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் மேல்செலவுக்குக் கொஞ்சம் காசும் போதும் என்று படியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மண் சுமக்கிற ஆளுக்கு!

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்பே தேவையில்லை.

"சித்தப்பா, இதெல்லாம் நான் எடுத்த படம் இல்லையே" என்றான் பையன். நியாயம்தான். "இரு, நீ எடுக்கவேண்டியது இந்தப் பிளாட்பாரத்திலேயே இருக்கு" என்றேன்.

1911 ஜூன் 17. சனிக்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டிஸ்கோர்ட் ஆஷ், மனைவி மேரியுடன் காலையில் திருநெல்வேலியில் ரயிலேறினார். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் பயணம். பத்தரை மணிக்கு மேல் வண்டி மணியாச்சி வந்தது. தூத்துக்குடியிலிருந்து வருகிற போட் மெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். பத்தே பத்து நிமிஷம். கணவனும் மனைவியும் முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சி ஐயர் என்ற இளைஞர் பெட்டியை நெருங்கினார். பிரவுனிங் பிஸ்டல். மிக அருகிலிருந்து சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடி, கக்கூஸுக்குள் புகுந்து, தன் வாயில் துப்பாக்கியை வைத்து அழுத்திக்கொண்டார். ஆஷும் பிழைக்கவில்லை. போட் மெயிலுக்குக் காத்திருந்த அந்தச் சில நிமிஷங்களுக்குள் இத்தனையும் நடந்துவிட்டது.

ஏன் ஆஷ்? மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். அப்போது அங்கே ஆங்கிலேய நிர்வாகத்தின் முகமாக இருந்தவர் ஆஷ். அந்த மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூடு, சாவு. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை (பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது). கோவை சிறையில் செக்கிழுத்தார். கப்பல் கம்பெனி கரைந்து போனது. வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம், மணியாச்சிக்குக் கூப்பிடுதூரம் என்று சொல்லலாம்.

இன்னொன்று, தேதியைப் பாருங்கள். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா ஜூன் 22. அதற்கு ஐந்து நாள் முன்னால் மணியாச்சியில் குண்டு வெடிக்கிறது.

"அப்ப இதுதான் ஏழாவது ஜோடி!" என்று துள்ளினான் பையன். "வீரன்-வில்லன்!"

படமும் எடுக்கலாம். வாஞ்சிக்குச் செங்கோட்டையில் சிலை இருக்கிறது, மணிமண்டபம் இருக்கிறது. ஆஷுக்குப் பாளையங்கோட்டையில் கல்லறை இருக்கிறது, தூத்துக்குடியில் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. ஒன்றில் மாலை, இன்னொன்றில் புழுதி. இரண்டு கிளிக்கில் வேலை முடிந்துவிடும்.

முடிந்துவிடுமா?

நான் படித்தது பி.காம். எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்த பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாது. மணியாச்சிக் கணக்கைக் கொஞ்சம் எழுதிப் பார்ப்போமே.

ஆஷ் வெள்ளைக்காரர். ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை, ஐரிஷ்காரர். அதே இங்கிலாந்திடம் விடுதலை கேட்டுக்கொண்டிருந்த அயர்லாந்திலிருந்து வந்து, இங்கே விடுதலை கேட்டவர்களை அடக்கினார்.

வாஞ்சி, நாட்டுக்காக உயிரை விட்டவர். அதில் சந்தேகமில்லை. இருபத்தைந்து வயசு. ஆனால் அவர் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்தைப் படித்தால் சங்கடமாக இருக்கும். அந்நியனை விரட்டுகிற ஆவேசத்தோடு சனாதன தர்மத்தைக் காப்பாற்றுகிற ஆவேசமும் அதில் கலந்திருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜைக் கேவலப்படுத்துவதற்கு அந்தக் கடிதம் எடுத்துக்கொண்ட சொல், 'பஞ்சமன்'. ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்கிற சொல் ஒரு வசவாகிறது. கொடுமையை எதிர்த்து எழுதின கை, இன்னொரு கொடுமையைக் கவனிக்காமலே எழுதிவிட்டுப் போகிறது.

உடனே எதிர்ப்பக்கம் தாவிவிடாதீர்கள். பிரசவ வலியில் துடித்த ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை அக்ரஹாரத்து வழியாக ஆஷ் வண்டியில் கொண்டுபோனார், அதனால்தான் கொல்லப்பட்டார் என்று ஒரு கதை சுற்றுகிறது. நீங்களும் செல்போனில் படித்திருப்பீர்கள். இதற்கு ஆவணச் சான்று கிடையாது. வாஞ்சியை ஒரேயடியாக வெள்ளையடிக்கிறவர்கள் ஒரு பக்கம் என்றால், ஆஷை வெள்ளையடிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். நெகடிவை எடுத்துத் திருப்பிப் போட்டுவிட்டு, புதுப் படம் எடுத்ததாகச் சொல்கிறார்கள்!

இந்த மண்ணே அப்படிப்பட்டது, ஐயா. இதே கரிசல் காட்டில், மணியாச்சியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற கயத்தாறில்தான் 1799 அக்டோபர் 16-ம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அப்போது கம்பெனிக்குத் துணை நின்றது எட்டயபுரம் பாளையம். 'எட்டப்பன்' என்றால் இன்றைக்கும் வசவு. ஆனால் 1882-ல் அதே எட்டயபுரத்தில்தான் பாரதி பிறந்தான். அந்த ஊரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? கறுப்பிலா, வெள்ளையிலா?

அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸ் என்று ஒரு புகைப்பட மேதை இருந்தார். கறுப்பு வெள்ளையில் மலைகளையும் வானத்தையும் எடுத்தவர். 1940 வாக்கில், ஃப்ரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை பதினோரு படிகள். பூஜ்யம் கும்மிருட்டு, பத்து வெறும் காகிதம். இந்த இரண்டு கோடியிலும் எதுவுமே தெரியாது! மண்ணின் வெடிப்பு, மரத்தின் பட்டை, மனுஷனின் முகம்... எல்லாம் இடைப்பட்ட சாம்பல் படிகளில்தான் இருக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படம் என்று நாம் சொல்வது உண்மையில் சாம்பல் படம்.

பையனிடம் இதைச் சொன்னேன். கேமராவைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு, பிளாட்பாரக் கடைசியில் போய் நின்றான். தூத்துக்குடிப் பாதை ஒரு பக்கம் பிரிகிறது, திருநெல்வேலிப் பாதை இன்னொரு பக்கம். 1914-ல் பாம்பன் பாலம் வந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிவிட்டது. கொழும்பு போகிற கூட்டம் நின்று போனது. கூட்டம்-தனிமை என்ற ஜோடிக்கும் இந்த ஒரு பிளாட்பாரமே போதும்தான்.

டீ விற்றுக்கொண்டு வந்த பெரியவர் எங்களைப் பார்த்து நின்றார். "என்ன அண்ணாச்சி, வாஞ்சி சுட்ட இடத்தைப் பாக்க வந்தியளா? வாரவுக எல்லாம் அதத்தான் கேக்காவ" என்றார். அப்புறம், தானாகவே, "பாவம், அந்தத் துரைசாணி பக்கத்துலயே உக்காந்திருந்திருக்கா. இந்தப் பையன் பெஞ்சாதியும் சின்னஞ்சிறுசு" என்றார்.

நூறு வருஷத்து விவாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் மறந்தே போன ஜோடி!

மேரி ஆஷ், பொன்னம்மாள். ஒருத்தி முதல் வகுப்புப் பெட்டியில் கணவன் சரிவதைக் கண்ணால் பார்த்தவள். இன்னொருத்தி, கணவன் எங்கே போனான் என்று செங்கோட்டையில் காத்திருந்தவள். வெள்ளை-கறுப்பு, ஆள்பவள்-ஆளப்படுபவள் என்று எல்லா வகையிலும் எதிரெதிர். காலை பத்தரை மணி வரைக்கும்! அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே பெயர்.

பத்தாவது படத்தைப் பையன் அங்கேதான் எடுத்தான். பிளாட்பாரத்தில் ஒரு காலி பெஞ்சு. இரண்டு பேர் உட்காரலாம்.

"இதுக்கு ஜோடி?" என்று கேட்டேன்.

"இதுக்கு எதிர்ப்பதம் கிடையாது, சித்தப்பா" என்றான்.

மார்க் எவ்வளவு வந்தது என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் ரயிலில் போகும்போது, மஞ்சள் போர்டு வந்ததும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.