நார்வே மொழியில் குடியேறிய முன்னொட்டுகள்

நார்வே நாட்டார் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடி வந்த பொருள்களுள் 'பெ', 'அன்' என்னும் இரண்டு சிற்றசைகளும் அடங்கும் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். அவ்வழக்கின் வரலாற்றையே இங்குச் சொல்ல முற்படுகிறேன்.

நார்வே மக்களின் முன்னோர் சொல்லின் வேரசையை மிக அழுத்தி ஒலித்தனர். அதன் முன் நின்ற மெலிந்த அசைகள் நாளடைவில் தேய்ந்தன. வைக்கிங் காலம் தொடங்குமுன்பே பெரும்பாலும் மறைந்துவிட்டன. அண்டை வீட்டானைக் குறிக்கும் 'கிரானெ' என்ற சொல்லைப் பாருங்கள். 'உடன்' எனப் பொருள்படும் 'க' என்ற முன்னொட்டும், வீட்டைக் குறிக்கும் பழஞ்சொல்லும் கூடிய தொகைச்சொல் அது. பண்டைக் காதிக் மொழியில் 'கரஸ்ன' என முழுமையாக இருந்தது. நார்வேயிலோ முன்னொட்டு உயிரை இழந்து, மெய் ஒன்றே எஞ்சி நிற்கிறது. 'போதும்' என்பதற்கு ஜெர்மானியர் 'கெனூக்' என்பர். நார்வேயில் அதுவும் இல்லை, வெறும் 'நொக்'.

இப்படி ஒழிந்துபோன முன்னொட்டுகள் கடல்வழியே திரும்பி வந்தன. 14ஆம் நூற்றாண்டில் பேர்கன் துறைமுகத்தில் ஹான்சா வணிகர் நிலைகொண்டு, தானியம் கொடுத்து உலர்ந்த மீன் கொண்டனர். அவர்தம் கீழ் ஜெர்மன் மொழியிலிருந்து, 'பணம் செலுத்து' எனப் பொருள்படும் 'பெத்தாலெ' போன்ற சொற்கள் பரவின. பின்னர், 1814 வரை நீடித்த டென்மார்க் ஆட்சியில், அத்தகைய சொற்கள் நிறைந்த டேனிஷ் மொழியே எழுத்துமொழியாயிற்று. சொற்களோடு புதியதொரு ஓசையும் வந்தது. 'பெத்தாலெ'யில் அழுத்தம் முதலசையில் இல்லை, இரண்டாம் அசையில் விழுகிறது.

1813இல் சிறு உழவர் குடும்பத்தில் பிறந்த இவார் ஓசன், 1842 முதல் 1846 வரை நாடெங்கும் அலைந்து கிராமப் பேச்சுகளைத் திரட்டினார். 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டார். அவற்றின் அடிப்படையில் அவர் உருவாக்கிய எழுத்துமொழியில் இம்முன்னொட்டுகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. அன்பைக் குறிக்க, ஜெர்மன் வழிவந்த 'ஹெத்' என்னும் பின்னொட்டையும் களைந்து, 'ஷார்லைக்' என்ற பழைய வடிவையே கொண்டார். விலக்கப்பட்ட ஒட்டுகளான அன், பெ, ஹெத், எல்செ ஆகிய நான்கையும் கோத்து 'அன்பெஹெதெல்செ' என்று நார்வே நாட்டார் ஒரு கேலிச்சொல்லே செய்துவிட்டனர்!

ஓசனின் செவி நுட்பமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. கிராமத்துச் சிறுவனின் பேச்சை நாகரிகமற்றதென்று இகழ்ந்த காலத்தில், அதற்கு இலக்கணம் உண்டென்று காட்டியவர் அவர். ஆயினும் ஒரு சங்கடம் இருந்தது. 'பெத்தாலெ' அதற்குள் மீனவர் வாயிலும் வேரூன்றிவிட்டது. முன்பு நகரத்தார் அவர்கள் பேச்சைத் திருத்தினர். இப்போது தூய மொழியின் பெயரால் மற்றொரு திருத்தம் காத்திருந்தது.

1885இல் நாடாளுமன்றம் இரு எழுத்துமொழிகளுக்கும் சமநிலை அளித்தது. 1929 முதல் ஓசனின் வழிவந்தது நீநொர்ஸ்க் என்றும், மற்றது பூக்மோல் என்றும் வழங்குகின்றன. இன்றைய நீநொர்ஸ்க் அகராதியில் 'பெத்தாலெ' இடம்பெற்றுள்ளது. பழைய அழுத்தமும் ஓயவில்லை. கிழக்கு நார்வேயின் பல வட்டாரங்களில் வாழைப்பழத்தின் அயற்பெயரான 'பனான்' என்பதைக்கூட முதலசையை அழுத்தியே சொல்கிறார்கள்.